எழுதினதை மட்டும் கட்டுவோம்

மரியதாஸ் பரீட்சையில் தோற்ற சங்கதி பாகூர் முழுக்கத் தெரிந்ததற்கு மரியதாஸேதான் காரணம். மெட்ராசுக்குப் போகிறவன் சும்மா போயிருக்கலாம். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "பேட்டண்ட் பரீட்ச எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பேட்டண்ட் என்றால் இன்னா என்று கேட்டவர்களை நிறுத்திவைத்து விளக்கமும் கொடுத்தான். ஒருவன் புதுசாக ஒரு கருவியைக் கண்டுபிடித்தால், அது இன்ன மாதிரி என்று எழுதி சர்க்காரிடம் கொடுக்க வேண்டும். சர்க்கார் ஒப்புக்கொண்டால் பதினாறு வருஷத்துக்கு அவனைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது. அப்படி எழுதிக் கொடுக்கிற வேலைக்குத்தான் பரீட்சை. இத்தனை விளக்கம் சொன்னவன் ஒரு மாதம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தால் ஊருக்குப் புரியாமலா போகும்?

அவன் பாகூர் மேரியில், அதாவது ஊர் நிர்வாக ஆபீசில், குமாஸ்தா. அவன் அப்பா முத்துசாமி அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை செய்தே ஆயுசைக் கழித்தவர். பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் மகன் பிரெஞ்சு படித்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டு மூட்டை கட்டினான். பைல்களெல்லாம் இங்கிலீஷுக்கு மாறின. நாற்காலி இருந்தது, சம்பளம் வந்தது, எழுதுவதற்குத்தான் எதுவும் இல்லை. பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் யாராவது எதையாவது கேட்டால் தேடி எடுத்துத் தருவது அவன் வேலை. யாரும் எதையும் கேட்கவில்லை. எழுதத் தெரிந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராசில் ஒரு பேட்டண்ட் கம்பெனி, பிரெஞ்சும் தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தது. ஆனால் கம்பெனி வைக்கிற பரீட்சையில் தேற வேண்டும். சட்டத்தில் ஒரு தாள், பொருளை எழுத்தில் விவரிப்பதில் ஒரு தாள். முப்பத்தைந்து வயசுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். இரண்டு தடவைக்கு மேல் எழுத விட மாட்டார்கள்.

முதல் தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. கம்பெனிக்காரர்கள் தோற்றதற்கான காரணத்தையும் இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். சட்டத் தாளில் அவன் எழுதியது பூராவும் பிரெஞ்சுச் சட்டம். பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தாளில், மேஜைமேல் ஒரு லாந்தர் விளக்கை வைத்து, பார்த்திராதவன் படித்துவிட்டு அதைச் செய்யும்படி எழுதச் சொன்னார்கள். மரியதாஸ் இரண்டு பக்கத்துக்குப் பிரமாதமாக எழுதினான். எண்ணெய் எங்கே ஊற்றுவது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டான்.

இரண்டாவது வாய்ப்பு ஐம்பத்தொன்பது தை மாதம். மாசியில் அவனுக்கு முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் சாகிறவரைக்கும் பழைய கட்டுகளுக்குக் காவல்தான்.

அவன் பெண்டாட்டி அமிர்தம் ஏம்பலத்துக்காரி. நெல்லும் கரும்புமாக வளர்ந்தவள். அவளை உட்காரவைத்து, தமிழில் எழுதிய விவரங்களைப் படித்துக் காட்டிப் பழகினான். தமிழில் சரியாக வந்துவிட்டால் அப்புறம் இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அமிர்தம் எதைப் படித்தாலும், "நல்லாத்தான் இருக்குது, இன்னா கொற?" என்பாள். புருஷன் எழுதியதில் குறை சொல்ல அவளுக்கு மனசு வராது என்று நினைத்துவிடாதீர்கள். குழம்பில் அவன் ஒரு கல் உப்பு கூடப் போட்டுவிட்டால் எட்டு வீடு கேட்கத் திட்டுவாள். அவளுக்கு நிஜமாகவே குறை தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வீராம்பட்டினத்து எல்லம்மாள் வாசலில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து, காலால் கட்டையை மிதித்துக்கொண்டு வவ்வால் மீன் அரிந்துகொண்டிருந்தாள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் அவள் மீன்கூடை பாகூருக்கு வரும். நாற்பத்தைந்து வயசு, கடற்கரையிலிருந்து கூப்பிட்டால் கடலில் இருக்கிற புருஷன் கலியனுக்குக் கேட்கும் என்கிற குரல். உள்ளே மரியதாஸ் படித்துக்கொண்டிருந்தான். நட்ட கம்பம், அதன்மேல் குறுக்கே ஒரு நீளமான மரம், மரத்தின் நுனியில் தொங்குகிற கழி, கழியின் அடியில் சால், சால் கிணற்றுக்குள் இறங்கும், நிறையும், ஏறும்.

"தம்பி" என்றாள் எல்லம்மாள். "அது எப்பிடி தானா எறங்கி தானா ஏறுது? பேய் புடிச்சி தள்ளுதா?"

மரியதாசுக்குச் சுருக்கென்றது. "ஏத்தம்க்கா இது. வழியில பாத்ததே இல்லியா நீ?"

"அட, ஏத்தமா!" அவள் கத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "தெனம் பாத்துகினுதான் வரேன். அதுல மரத்து மேல ஒரு ஆளு முன்னும் பின்னும் நடந்துகினு இருப்பானே, அவன் எங்க? அவன வுட்டுட்டு எழுதினா எனுக்கு எப்பிடித் தெரியும் ஏத்தம்னு?"

மரியதாஸ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆளே இல்லை. அவன் அப்பா முப்பது வருஷம் அந்த மரத்தின் மேல்தான் நடந்தார். பெற்ற அப்பனையே எழுத மறந்திருக்கிறான். அமிர்தம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளும்தான் அந்த ஆளைக் கவனிக்கவில்லை. தெரிந்த பொருளைப் படிக்கும்போது எழுதாமல் விட்டதையும் மனசே போட்டு நிரப்பிக்கொள்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றையிலிருந்து எல்லம்மாள்தான் அவனுக்குப் பரீட்சை அதிகாரி. கூடையை இறக்கியதும் அமிர்தம் மோர் கொடுப்பாள். எல்லம்மாள் அருவாமனையை மிதித்துக்கொண்டு, "ம், படி" என்பாள். கலப்பையைப் படித்தால், "எந்தப் பக்கம் மாடு?" என்பாள். கரும்பாலையைப் படித்தால், "சாறு எங்க வுழுது, உன் தலையிலயா?" என்பாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் ஒரு பக்கத்தைக் கிழித்துப்போட்டு வேறு எழுதுவான். இரண்டு மாதத்தில் அவன் எழுத்து உருப்பட ஆரம்பித்தது. அது அவனுக்கே தெரிந்தது, அந்தச் சந்தோஷத்தில் அமிர்தத்துக்கும் ஒரு சுற்றுச் சதை போட்டது.

அப்போதுதான் அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. தனக்குத் தெரியாத பொருள் ஒன்றை எழுதிப் பார்க்கலாமே? கலியனுடைய கட்டுமரத்தைப் பற்றி எல்லம்மாளிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். எத்தனை மரம், எது நடுவில், எங்கே கயிறு. அவளும் பெருமையாகச் சொன்னாள். ஊருக்குப் போய், "எங்க மரத்த பாகூர் குமாஸ்தா எழுதறாரு, மெட்ராசு வரைக்கும் போவும்" என்றும் சொல்லிவைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லம்மாள் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி, வழியில் இருக்கிற கிருமாம்பாக்கம் வரை வந்து கூடையைக் காலி செய்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள் என்று தெரிந்தது.

மறுநாள் வீராம்பட்டினத்து ஆள் ஒருவன் மேரிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான். "ஞாயித்துக்கெழம ஊர்ப் பஞ்சாயத்து. நாட்டார் உன்ன வரச் சொன்னாரு. எழுதுன காயிதத்தையும் எடுத்துகினு வரணுமாம்."

நடந்தது இதுதான். போன வருஷம் மரியதாஸ் ஊரைக் கூட்டிச் சொன்ன விளக்கம் கைமாறிக் கைமாறி வீராம்பட்டினத்துக்கும் போயிருந்தது. எழுதிக் கொடுத்தவனைக் கேட்காமல் பதினாறு வருஷத்துக்கு வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது. இப்போது அவனே கட்டுமரத்தை எழுதுகிறான். மெட்ராசுக்கும் போகப்போகிறது. அப்படியானால் இனிமேல் மரம் கட்ட வேண்டுமானால் பாகூருக்குப் போய்க் குமாஸ்தாவிடம் கேட்க வேண்டுமா? அந்த வருஷங்களில் இந்தப் பயத்தை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கொடி மாறியது, ரூபாய் மாறியது, பைல் மாறியது. காகிதத்தில் எழுதினால் எதுவும் கைமாறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது மரியதாஸ் விஷயத்தில் கொஞ்சம் தாமதமாகப் பலித்தது.

"போவாத" என்று அண்டை வீட்டுக்காரன் சொன்னான். அமிர்தம், "போயிட்டு வாங்க. எல்லம்மாக்கா மொகத்த எப்பிடிப் பாக்கறது அப்புறம்?" என்றாள். அவன் பயந்துகொண்டேதான் போனான்.

கடற்கரையில் வலை உலர்த்துகிற இடத்துக்குப் பக்கத்தில் கொட்டகை. நாற்பது ஐம்பது பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குத் தலைவரான நாட்டார் வைத்திலிங்கம் நடுவில் இருந்தார். கனத்த உடம்பு, மெல்லிய பேச்சு. கலியன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கம் எல்லம்மாள் தலையைக் குனிந்து நின்றாள். அவள் குனிந்து நின்று மரியதாஸ் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பரீட்சையில் தோற்றதைவிடப் பெரிய தப்பு ஒன்று தன்னால் நடந்துவிட்டது என்று அவனுக்கு உறைத்தது.

"தம்பி, எங்க மரத்த நீ எழுதி வாங்கிக்கப் போறியாமே?" என்றார் நாட்டார்.

"இல்லீங்க. பரீட்சைக்குப் பழகறதுக்கு எழுதினேன். பழைய சாமானுக்கு யாரும் பேட்டண்ட் வாங்க முடியாதுங்க. புதுசா இருக்கணும்."

"பழசா புதுசான்னு எவன் பாக்கப் போறான்?"

மரியதாஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவன் படித்த பிரெஞ்சுச் சட்டத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். காகிதத்தைக் கொடுத்துப் பணத்தைக் கட்டினால் ரசீது வந்துவிடும். புதுசா பழசா என்று சர்க்கார் விசாரிக்காது. சண்டை வந்தால் கோர்ட்டில் பார்த்துக்கொள் என்று விட்டுவிடும். அந்தச் சட்டத்தில் இந்த மனுஷர்கள் பயப்படுவது முழுக்க நியாயம். போன வருஷம் தாளில் அவன் எழுதிவைத்துவிட்டு வந்தது இதைத்தான். எழுதும்போது அது வெறும் விதி. இங்கே கலியனின் முதுகைப் பார்க்கும்போதுதான் அந்த விதியில் யார் மாட்டுவார்கள் என்று தெரிந்தது.

"பிரெஞ்சுக்காரன் சட்டத்துல யாரும் பாக்க மாட்டாங்க. நீங்க பயந்தது சரிதான்" என்றான். கூட்டம் முணுமுணுத்தது. "இந்தியா சட்டத்துல அப்பிடி இல்ல. மொதல்ல ஆபீசரு பாப்பாரு. முன்னாடியே இருக்கிற சாமான்னா தள்ளிடுவாரு. அவரு கண்ணுக்குத் தப்பிச்சாலும் கெஜட்டுல போடுவாங்க. போட்டதுலேருந்து நாலு மாசத்துக்குள்ள, இது எங்க பாட்டன் காலத்து சாமான்னு யாரு வேணுமின்னாலும் ஆட்சேபணை கொடுக்கலாம்."

"கெஜட்ட இங்க எவன் படிக்கறான்? வாள மீனா?" என்றார் நாட்டார். சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்தச் சட்டந்தான் நம்மூருக்கு வந்துடுச்சா?"

"இன்னும் வரலீங்க. வரும்." பொய் சொல்ல அவனுக்கு இஷ்டமில்லை. "கெஜட்ட நான் படிப்பேங்க. பாஸ் பண்ணா எனுக்கு வேலையே அதான். எவனாவது கட்டுமரத்தையோ வலையையோ எழுதி வாங்கப் பாத்தா, உங்க பேர்ல ஆட்சேபணை நான் எழுதறேன். பாஸ் பண்ணலன்னா இந்தக் காயிதத்த இங்கியே அடுப்புல போட்டுடுங்க."

நாட்டார் காகிதத்தைச் சுட்டிக் காட்டினார். "சரி. எங்க மரத்த இன்னான்னுதான் எழுதியிருக்க, படி பாப்போம்."

மரியதாஸ் படித்தான். முடித்ததும் நாட்டார் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "டேய், நாலு பேரு வாங்கடா. அவுத்துப்போட்ட மரம் இருக்குது பாரு. தம்பி மறுபடியும் படிக்கும். எழுதினத மட்டும் கட்டுவோம். எழுதாத எதையும் எவனும் கையால தொடக் கூடாது. உங்க அறிவ வூட்டுல வச்சிட்டு வாங்க."

அந்த விளையாட்டு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மரியதாஸ் ஒரு வரி படிப்பான். நாலு பேர் அந்த ஒரு வரியைச் செய்துவிட்டு, பொம்மை மாதிரி நிற்பார்கள். "நடுமரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு மரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும்" என்று படித்தான். வைத்தார்கள். மரங்களின் முன்பக்கம் மூக்கு மாதிரி வளைந்திருக்கும். அந்த மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவன் எழுதவில்லை. தங்கராசு என்கிற குறும்புக்காரன் மூன்று மூக்கையும் மண்ணைப் பார்க்கத் திருப்பி வைத்தான். "முன்னும் பின்னும் கயிற்றால் கட்ட வேண்டும்" என்று படித்தான். கட்டினார்கள். இறுக்கிக் கட்டச் சொல்லி எழுதவில்லையே, பூ கட்டுகிற மாதிரி கட்டினார்கள்.

காகிதத்தை நாட்டாரிடம் கொடுத்துவிட்டு மரியதாஸும் கூட இறங்க, மரத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். முதல் அலை வந்தது. மூக்கு நேராக மணலில் குத்தி, பின்பக்கம் எழும்பி, மூன்று மரமும் மூன்று திசைக்குப் போயின. ஒன்று திரும்பி வந்து மரியதாஸின் முழங்காலில் இடித்து அவனையும் தண்ணீரில் உட்காரவைத்தது.

முதலில் சிரித்தது கலியன். அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டான். அப்புறம் கடற்கரையே சிரித்தது. எல்லம்மாள் தலை நிமிர்ந்தாள். "இத எழுதி மெட்ராசுக்கு அனுப்புனா நமக்கு இன்னாய்யா நட்டம்? வாங்குறவன்தான் முழுகிச் சாவான்!" என்று அவள் போட்ட சத்தம் கடலுக்கே கேட்டிருக்கும். ஈர வேட்டியோடு தண்ணீரில் உட்கார்ந்திருந்த மரியதாசுக்கும் சிரிப்பு வந்தது. அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, அவள் குரல் திரும்பி வந்ததே போதும் என்றிருந்தது.

ஆனாலும் நாட்டார் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. "இது ஊர்ல இருக்கட்டும்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கையில் எல்லம்மாள் வந்தாள். கூடையை இறக்கி, மீனுக்கு மேலே பூவரச இலையில் சுற்றிவைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். அவனுடைய காகிதம். ஓரம், இடுக்கு, பின்பக்கம், ஒரு இடம் பாக்கியில்லாமல் பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருந்தது. கலியன் மூன்றாவது வரை படித்தவன். தினமும் கரைக்கு வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து, ஆளாளுக்கு ஒன்று சொல்ல, அவன் எழுதியிருக்கிறான்.

மூக்கு வானத்தப் பாக்கணும். கயிறு காஞ்சி இருந்தா அவுந்துடும், நனைச்சிக் கட்டு. காலால மிதிச்சி இழு. நடுமரம் கொஞ்சம் தாழ இருக்கணும். ஒக்கார முடியாது, முட்டி போடணும். வந்ததும் அவுத்துக் காய வை, இல்லாட்டி ஊறிக் கனக்கும். கட்டுறவன் குடிச்சிருக்கக் கூடாது.

மொத்தம் இருபத்து மூன்று. கடைசியில், நாட்டாரின் கையெழுத்தும், அதைச் சுற்றி யார் யாருடையவோ கைநாட்டுகளும்.

"மறுபடியும் எழுதினத மட்டுமே கட்டிப் பாத்தாங்க தம்பி" என்றாள் எல்லம்மாள். "நேத்து மெதந்துச்சி."

மரியதாஸ் காகிதத்தைத் திருப்பி முதலிலிருந்து படித்தான். தங்கள் மரம் பறிபோய்விடும் என்று பயந்த காகிதத்தை எடுத்து, அந்த மரத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவன் வாழ்நாளில் யாரும் அவனை இவ்வளவு நம்பியதில்லை. அமிர்தம் அன்றைக்கு எல்லம்மாளை மோரோடு அனுப்பவில்லை, சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே பாகூர் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டான். துணிப்பை, அதில் மீன் வாசனை போகாத காகிதம். முதல் பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. இந்தத் தடவை போய்த் தோற்றால் அதற்குமேல் சொல்லிக்கொள்ள ஒரு அடுத்த தடவை இருக்காது. போகாமலே இருந்துவிட்டால், போயிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சாகிறவரை சொல்லிக்கொள்ளலாம். பஸ் போய்விட்டது. புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இரண்டாவது பஸ்ஸும் போனது. யாரும் பார்க்கவில்லை என்று ஒரு ஆறுதல். மூன்றாவது பஸ் வந்தது. எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஏறிவிட்டான்.

சட்டத் தாளில் ஒரு பெரிய கேள்வி. புதுமையைச் சர்க்கார் சோதிக்கிற முறைக்கும் சோதிக்காத முறைக்கும் என்ன வித்தியாசம், பொதுமக்களுக்கு எதில் என்ன பாதுகாப்பு? மரியதாஸ் பேனாவை எடுத்தவன் வைக்கவில்லை. கெஜட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக யாராவது படித்தாக வேண்டும் என்பது வரைக்கும் எழுதினான். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மத்தியானத் தாளுக்கு மேஜைமேல் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் முகம் மலர்ந்தது. வைத்தது அருவாமனை. இதைப் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரன் படித்துச் செய்து, பயன்படுத்தவும் வேண்டும். பலகை, அதில் செருகிய வளைந்த கத்தி, அவ்வளவுதானே? எல்லோரும் விறுவிறு என்று எழுத ஆரம்பித்தார்கள்.

மரியதாஸ் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். தினமும் பார்க்கிற சாமான். அப்படியென்றால் எதையோ விடப்போகிறேன். "ஆளு எங்க தம்பி?" என்று காதுக்குள் ஒரு குரல். கண்ணை மூடினான். அவன் வீட்டு வாசல், எல்லம்மாள், வவ்வால் மீன். எழுத ஆரம்பித்தான். உட்காருகிற இடம் நாற்காலி அல்ல, தரை. ஒரு முழங்காலை மடக்கி, அந்தக் காலால் பலகையை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் கவிழும். கூர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க இருக்க வேண்டும். கத்தி நகராது, அரிகிற பொருளைத்தான் இரண்டு கையாலும் பிடித்துக் கத்தியின் மேல் தள்ள வேண்டும். ஆளை முதலில் உட்காரவைத்துவிட்டு, பிறகுதான் பலகையின் அளவுக்கே வந்தான்.

மாசி முதல் வாரம் கடிதம் வந்தது. ஏழு பேரில் ஒருவர் தேறியிருக்கிறார். அருவாமனையைக் காலால் மிதிக்க வேண்டும் என்று எழுதியவர் அவர் ஒருவர்தான் என்று கீழே ஒரு வரி.

அமிர்தம் அழுதாள். பிறகு ஏம்பலத்திலிருந்து ஒரு கட்டு கரும்பு வரவழைத்தாள். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு வீராம்பட்டினம் போனார்கள். நாட்டார் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல மூக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். தங்கராசு கரும்பை ஒடித்துப் பங்கு போட்டான். கலியன் தன் பென்சிலைக் காதில் செருகியிருந்தான்.

மரியதாஸ் பேச எழுந்தான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததுதான்.

"பேட்டண்ட்ல ஒரு முறை இருக்குதுங்க. முன்னாடியே இருக்கறது இன்னின்னதுன்னு மொதல்ல ஒத்துக்கணும். அதையெல்லாம் கழிச்சிட்டு மிச்சம் எதுவோ, அத மட்டுந்தான் என்னுதுன்னு கேக்கலாம். நான் பாஸ் பண்ணத அந்த முறையில எழுதிப் பாத்தேன். ஆளு எங்கன்னு கேட்டது எல்லம்மாக்கா. மூக்கு எங்கன்னு சொன்னது கலியன் மாமா. சட்டத்த எனக்குப் புரியவச்சது நாட்டாரு கேட்ட கேள்வி. இங்க போய்ட்டு வான்னு அனுப்புனது அமிர்தம். எல்லாத்தையும் கழிச்சிட்டுப் பாத்தா..." மடக்கிய விரல்களை விரித்துக் காட்டினான். "என்னுதுன்னு சொல்ல ஒண்ணும் மிச்சமில்லீங்க. எல்லாம் உங்களுதுதான்."

அது எல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மிச்சமில்ல?" என்றாள். "அன்னிக்கிச் செவ்வாக்கெழம நான் கூடையோட எதிர்க்கத்தான் ஒக்காந்திருந்தேன். ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டு புளியமரத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்ச. கூப்புடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. எங்க ஊரு சாமி செங்கழுநீராத்தாள வேண்டிகினு பல்லக் கடிச்சிகினு கம்முனு இருந்தேன்."

அவள் குரலால் ஒரு பஸ்ஸையே நிறுத்த முடியும்.

"மூணாவது பஸ்ல உன்ன யாரும் ஏத்தி வுடல தம்பி" என்றாள் எல்லம்மாள். "அது உன்னுது. எழுதிக்க."